ரோடுதான் நல்லா இருக்குதே

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகிற சாலையை விட்டு உப்பங்கழியோரம் இறங்குகிற ஒரு மண்பாதையில், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு நான் விழுந்தேன். பெரிய விபத்தெல்லாம் இல்லை. மேலே காய்ந்து, அடியில் சேறாக இருந்த இடம். முன்சக்கரம் புதைந்தது, பயத்தில் முன்பிரேக்கைப் பிடித்தேன், அவ்வளவுதான். வண்டி 180 கிலோவுக்கு மேல். ஒற்றை ஆளாகத் தூக்க முடியவில்லை. எதிரே டிவிஎஸ் எக்ஸ்எல்லில் மீன் பெட்டியும் வலையும் கட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் இறங்கி ஒரு கை கொடுத்தார். ரப்பர் செருப்பு, மடித்துக் கட்டிய லுங்கி. வண்டி நின்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். முட்டிக்கவசம், பூட்ஸ், ஹெல்மெட்டில் கேமரா.

"ரோடுதான் நல்லா இருக்குதே தம்பி, இதுல எதுக்கு வந்த?"

பதில் தெரியவில்லை. சிரித்து வைத்தேன். நான் விழுந்த அதே சேற்றை அவர் ஓரமாக ஒடித்துக் கடந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. அன்று இரவு எடிட் செய்யும்போது அவர் வருகிற நாற்பது நொடியையும் வெட்டினேன். நான் விழுந்ததை வைத்துக்கொண்டேன், அதற்கு இசைகூடச் சேர்த்தேன். தூக்கிவிட்டவரை வெட்டிவிட்டேன். ஏன் வெட்டினேன் என்று யோசித்ததில்தான் இந்தக் கட்டுரை தொடங்கியது.

அட்வென்ச்சர் பைக் வீடியோ ஒரு தனி வடிவம். நம் தலைமுறையின் பயண இலக்கியம் பெரும்பாலும் அதில்தான் நடக்கிறது, அதனால் ஒரு கதையை விமர்சிப்பதுபோல அதையும் விமர்சிக்கலாம். அதற்கு எழுதப்படாத இலக்கணம் உண்டு. விடியற்காலை புறப்பாடு, டீக்கடை, தார்ச்சாலையின் முடிவு, பிறகு ஆளில்லாத வெளி, மேலிருந்து ஒரு ட்ரோன் காட்சி, நடுவில் ஒற்றை வண்டி, பின்னால் புழுதி. இதில் ஒரு எக்ஸ்எல் வந்தால் எல்லாம் கெட்டது. அந்த ஆளில்லா வெளி சட்டென்று யாரோ ஒருவர் தினமும் வேலைக்குப் போகிற வழியாகிவிடுகிறது. என் கை அவரை வெட்டியதற்குக் காரணம் அதுதான்.

இந்த வடிவத்தின் மூலப்பிரதி என்று 2004இல் வந்த 'லாங் வே ரவுண்ட்' தொடரைச் சொல்லலாம். நடிகர் யூவன் மெக்ரிகரும் அவர் நண்பர் சார்லி பூர்மனும் லண்டனிலிருந்து கிழக்கு நோக்கிப் போய் நியூயார்க் சேர்கிறார்கள். பெரிய பிஎம்டபிள்யூ வண்டிகள், கூடவே உதவிக்கு வாகனங்கள். மங்கோலியாவில் அவர்களுடைய ஒளிப்பதிவாளர் க்ளாடியோ வான் ப்ளான்டாவின் பிஎம்டபிள்யூ சட்டம் உடைந்து பயணத்துக்கு உதவாமல் போகிறது. உள்ளூரில் ஒரு சாதாரண ரஷ்ய வண்டியை, இஷ் ப்ளானெட்டாவை வாங்கி அதில் தொடர்கிறார். பெரிய வண்டிகள் திணறுகிற சேற்றில் அந்தச் சின்ன வண்டி போகிறது. தொடரின் மிக நேர்மையான பகுதி எனக்கு அதுதான். அங்குள்ளவர்கள் அன்றாடம் ஓட்டுகிற வண்டி அந்த நிலத்துக்குப் போதுமானது என்பதை அவர்கள் வெட்டவில்லை. ஆனால் இந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்தவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது பிஎம்டபிள்யூவை மட்டும்தான்.

வண்டியைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. தாருக்கும் மண்ணுக்கும் சேர்த்துச் செய்த வண்டி ஒரு அழகான சமரசம். 2011இல் வந்த ஹீரோ இம்பல்ஸ் நம் சந்தையில் அதைச் சிறிய விலையில் முயன்று பார்த்தது, அதிகம் விற்கவில்லை. 2016இல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வந்தது. 411 சிசி, 21 அங்குல முன்சக்கரம், தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் 220 மில்லிமீட்டர் இடைவெளி. பெயரில் இமயம் இருந்தாலும் அந்தக் கம்பெனியின் ஆலைகள் நம் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும்தான் இருக்கின்றன. பெரிய முன்சக்கரம் கல்லையும் பள்ளத்தையும் உருண்டு ஏறும், ஆனால் தார்ச்சாலையில் சட்டென்று திரும்ப யோசிக்கும். கட்டை டயர் மண்ணைக் கவ்வும், நனைந்த தாரில் வழுக்கும். காற்றைக் கொஞ்சம் இறக்கினால் டயர் அகன்று உட்கார்ந்து பிடிக்கும், அதே காற்றோடு ஓஎம்ஆரில் எண்பதில் போனால் ஆபத்து. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும்.

இதில் ஒரு திறமை மட்டும் எல்லா வண்டிக்கும் பொது. மண்ணில் எழுந்து நிற்க வேண்டும். கால்மிதியில் நின்று, முட்டியை லேசாக மடக்கி, வண்டியைக் காலுக்கடியில் ஆடவிட வேண்டும். குலுக்கல் வண்டியோடு போகும், உடம்பு நிதானமாக இருக்கும். நின்றால் இன்னொன்றும் நடக்கும். பார்வை நீளும். முன்சக்கரத்துக்குக் கீழே இருக்கிற கல்லைப் பார்க்காமல் பத்து மீட்டர் தள்ளி இருக்கிற தரையைப் படிக்க ஆரம்பிப்போம். எங்கே ஈரம், எங்கே மணல், எங்கே மாடு போன தடம். உண்மையச் சொன்னா, இந்தச் சந்தோஷத்துக்காகத்தான் நான் ஓட்டுகிறேன். அந்தப் பெரியவர் கேட்டபோது இதைச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் இது பாதி பதில்தான். தரையைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அது யாருடைய தரை என்றும் படிக்கத் தெரிய வேண்டும். 'ஆஃப் ரோடு' என்ற சொல்லே அதைப் படிக்க விடுவதில்லை. ஓர் இடம் என்னவாக இல்லை என்பதை மட்டும் அது சொல்கிறது. நம் மொழியில் அந்த இடங்களுக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது: ஒற்றையடிப்பாதை, வண்டிப்பாதை, வரப்பு, ஏரிக்கரை, மேய்ச்சல் தரை. ஒவ்வொரு பெயரிலும் ஒரு வேலை இருக்கிறது, வேலை செய்கிற ஆள் இருக்கிறார்.

கேளம்பாக்கத்துப் பக்கத்து உப்பளங்களையே எடுத்துக்கொள்வோம். ட்ரோனில் பார்த்தால் கட்டம் கட்டமாகக் கண்ணாடி. உள்ளே நடப்பது வேறு. கழிநீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் சுண்டவிட்டு, கடைசிப் பாத்தியில் உப்பாக எடுக்கிறார்கள். வெவ்வேறு உறைப்புள்ள நீர் ஒன்றோடொன்று கலக்காமல் காப்பது வரப்பு. உப்பு விளைகிற பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குகிறார்கள், அப்போதுதான் உப்பு சேறில்லாமல் வரும். அதில் கட்டை டயர் ஒருமுறை சறுக்கினால் நமக்கு வீடியோவில் மூன்று நொடி, அவர்களுக்கு மறுபடி மிதிக்க வேண்டிய தரை.

தமிழில் வண்டியைப் பற்றிய நல்ல கதை எது என்று கேட்டால் நான் 2007இல் வந்த வெற்றிமாறனின் 'பொல்லாதவன்' என்பேன். அதில் பல்சர் ஊரைவிட்டு ஓடுவதற்கான வாகனம் இல்லை. அது வந்தபிறகுதான் அவனுக்கு வேலை, வீட்டில் மரியாதை எல்லாம் வருகின்றன. தொலைந்தால் எல்லாம் ஆட்டம் காண்கிறது. 1980இல் டிவிஎஸ் 50 வந்த காலத்திலிருந்தே மொபெட் நமக்கு அப்படித்தான்: பால் கேன், வாழைத்தார், மீன் பெட்டி, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அது தாரிலும் ஓடும், வரப்பிலும் ஓடும். இரண்டுக்கும் பொருந்துகிற வண்டி என்று யாரும் அதை விளம்பரம் செய்ததில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் புறநகர்ச் சாலைகள் தண்ணீருக்கடியில் போனபோது, ஆஃப் ரோடு நம் வாசலுக்கே வந்தது. அந்த வாரம் பால் பாக்கெட்டோடு நீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களை யாரும் அட்வென்ச்சர் ரைடர் என்று சொல்லவில்லை.

1974இல் வந்த ராபர்ட் பிர்சிக்கின் 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்' பைக் ஓட்டுகிற இலக்கிய வாசகர்கள் எல்லோரும் பேசுகிற புத்தகம். தரம் என்றால் என்ன என்ற அதன் தத்துவத்தைத்தான் பேசுவார்கள். எனக்கு முக்கியம் அதன் கடைசிப் பகுதி. நாட்கணக்காகப் பின்னால் உட்கார்ந்து வந்த மகன் கிறிஸ் முடிவில் கால்மிதியில் எழுந்து நிற்கிறான். அதுவரை அவன் பார்த்ததெல்லாம் அப்பாவின் முதுகு மட்டுமே. இப்போதுதான் தோளுக்கு மேலாகப் பாதை தெரிகிறது. அத்தனை பக்கம் பேசிய அப்பாவுக்கு, பின்னால் இருக்கிறவனுக்கு என்ன தெரிகிறது என்று கேட்கத் தோன்றவே இல்லை என்பதை நாவல் அந்த ஒரு அசைவில் ஒப்புக்கொள்கிறது.

நம் வீடியோக்கள் அந்த முதுகுதான். ஹெல்மெட் கேமரா நான் பார்ப்பதை மட்டும் காட்டுகிறது. உப்பங்கழிக் கரையிலிருந்து பார்த்தால் நான் எப்படித் தெரிந்தேன் என்பது, அந்தப் பெரியவர் கேட்ட ஒரு வரியில் இருந்தது. அந்த வீடியோவில் இருந்த ஒரே விமர்சனமும் அதுதான். அதைத்தான் வெட்டி எறிந்தேன்.

மண்ணில் ஓட்டுவதை நிறுத்தப்போவதில்லை. வரப்பில் மட்டும் ஏற்றுவதில்லை. போன வாரம் அந்த வீடியோவை எடுத்துவிட்டு, நாற்பது நொடியையும் சேர்த்து மறுபடி போட்டேன். அவர் முகம் தெரியாமல் மறைத்தேன், குரல் இருக்கிறது. கீழே ஒரு தம்பி, "ப்ரோ, அந்தத் தாத்தா எப்படி அவ்ளோ ஈஸியா போனாரு?" என்று கேட்டிருக்கிறான். நானும் அதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அடுத்த ஞாயிறு அவரைப் பார்த்தால் வண்டியை அணைத்துவிட்டுக் கேட்கப் போகிறேன்.