இரவல் வாங்கிய குழூஉக்குறி

வழக்கினை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு எனப் பகுத்த நன்னூலார், தகுதி வழக்கினுள் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்னும் மூன்றனை அடக்கினார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் குழூஉக்குறிக்கு வழிவழியாகக் காட்டப்பெறும் சான்றுகள். இக்கால இளைஞர் தம்முள் வழங்கும் 'மச்சி', 'செம', 'கெத்து' முதலியனவும் இவ்வினத்தனவே. ஆதலின், அவற்றை இழிசொல்லென்று ஒதுக்குதல் முறையன்று.

ஆராயத்தக்க வினா வேறொன்று. இளைஞர் நெஞ்சைக் கவர்தற்பொருட்டு வணிகரும், அரசியலாரும், ஆசிரியர் சிலரும் அவர்தம் குறிச்சொற்களை இரவல் வாங்கிப் பேசுகின்றனர். அது தகுமா?

ஒரு பொற்கொல்லர் மற்றொருவரிடம் 'பறி' என்னும்போது அச்சொல் பொன்னை மட்டும் உணர்த்துவதன்று. 'நானும் உங்களுள் ஒருவன்' என்பதனையும் உணர்த்துகிறது. முன்னது பொருள், பின்னது உறவு. பொருளை வெளியார் கற்றுக்கொள்ளலாம். உறவை அவ்வாறு கற்றுக்கொள்ள இயலாது. நகை வாங்க வந்தவர் 'பறி என்ன விலை?' என்று கேட்டால், கொல்லர் அவரைத் தம்மவரென்று தழுவிக்கொள்வாரா? ஐயத்தோடு நோக்குவார். அறுபது வயதுத் தலைவர் மேடையேறி 'என்ன மச்சி' என்னும்போது இளைஞர் நகைப்பதன் காரணமும் இதுவே.

இடம் பொருந்தின் இரவற்சொல்லும் செல்லும் என்பதை மறுப்பதற்கில்லை. 2008இல் தொடங்கிய ஐ.பி.எல். போட்டியில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கு 'விசில் போடு' என்னும் முழக்கம் வாய்த்தது. திரையரங்கில் சீழ்க்கையடித்த கூட்டமே ஆட்டத் திடலிலும் அமர்ந்தமையால் அது ஒட்டிற்று. அதே முழக்கத்தைக் கடன் கொடுக்கும் நிறுவனம் எடுத்தாளின், வட்டிக் கணக்கைச் சொல்ல வேண்டிய இடத்தில் சீழ்க்கை கேட்கும். தீங்கு அங்கே தொடங்குகிறது.

மலேசிய நாட்டில் இதற்குத் தக்க சான்று உண்டு. மாமாக் உணவகங்களில் உண்பவரும் பரிமாறுபவரும் ஒருவரையொருவர் 'பாஸ்' என்று விளிப்பர். மேலோர் கீழோர் என்னும் வேற்றுமையை ஒரு நொடி மறக்கச் செய்யும் இனிய விளி அது. அதனோடு 'என்' எனப் பொருள்படும் மலாய் ஈறு சேர, 'பாஸ்கூ' என்றாகும். 2018 பொதுத் தேர்தலில் ஆட்சியிழந்த முன்னாள் பிரதமர் நஜீப் ராசாக், ஊழல் வழக்குகளை எதிர்நோக்கியிருந்த நிலையில், 2019 தொடக்கத்தில் இளைஞர் விரும்பும் மோட்டார் சைக்கிளில் அமர்ந்து காட்சியளித்தார். 'வெட்கம் என்ன, பாஸ்கூ?' எனப் பொருள்படும் மலாய்த் தொடர் அவர்தம் முழக்கமாயிற்று. 2020 ஜூலையில் உயர் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனத் தீர்த்தது. எனினும், 2022 மார்ச் 12இல் நடந்த ஜொகூர் சட்டமன்றத் தேர்தலுக்கு அவர் வாக்குக் கேட்டு வந்தபோதும் 'பாஸ்கூ' என்னும் ஆரவாரம் உடன் வந்தது. வாக்குரிமை வயது 18 ஆகக் குறைக்கப்பட்டபின் நடந்த முதல் தேர்தல் அது. அவர் சார்ந்த தேசிய முன்னணி 56 இடங்களுள் 40ஐ வென்றது. ஒரு சொல்லே வெற்றி தந்ததென்பது மிகை. தேர்தலுக்குக் காரணங்கள் பல. இறுதி மேல்முறையீடும் தோற்று, அதே ஆண்டு ஆகஸ்ட் 23இல் அவர் சிறை புகுந்தார்.

இங்கே இரவற்சொல் தோற்கவில்லை; வென்றது. அதுவே கவலைக்குரியது. நீதிமன்றத்தில் விடை கூற வேண்டியிருந்த கேள்வி, தெருவில் தோழமைப் பேச்சாகக் கரைந்தது. முதன்முதல் வாக்களிக்கும் பதினெட்டு வயதினருக்கு வேண்டியது செயலுக்குக் கணக்கு. கிடைத்ததோ தோளில் ஒரு தட்டு. நகைப்புக்கு இடமாகும் இரவற்சொல் பேசுபவரைக் கெடுக்கும். நம்பப்பெறும் இரவற்சொல் கேட்பவரைக் கெடுக்கும்.

முதியோர் சொல்லை இளைஞர் ஏலார் என்ற அச்சமும் வீண். மலேசியத் தமிழர் வாழ்வைக் களமாகக்கொண்டு 2016இல் வந்த 'கபாலி' திரைப்படத்தில், நெடுங்காலம் சிறையிலிருந்து மீண்ட தலைவன் 'மகிழ்ச்சி' என்று அமைதியாகச் சொல்வான். நூல்வழக்கிற்கே உரியது போலிருந்த அச்சொல் இளைஞர் நாவில் நின்று விளையாடிற்று. நடிகரின் புகழ் துணைசெய்தது உண்மையே. ஆயினும், அவன் இளைஞர் சொல்லைத் தேடிச் செல்லவில்லை. தன் சொல்லைத் தன் குரலில் சொன்னான். அவர்கள் அதனைத் தேடி வந்தனர்.

ஆசிரியர்க்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. குழூஉக்குறியைக் கற்பிக்கும்போது பறியோடும் காரையோடும் நின்றுவிட வேண்டுவதில்லை. மாணவர் தம் கூட்டத்துச் சொற்களைக் கொணர்ந்து, பொருள் கூறி, யாரிடம் வழங்குவர், யாரிடம் வழங்கார் என்று விளக்கட்டும், ஆசிரியர் செவிசாய்க்கட்டும். இலக்கணம் அவர்கட்கு உயிருள்ளதாகும். பின்னாளில் ஒருவர் அவர்தம் சொல்லை இரவல் வாங்கிக்கொண்டு வாயிலில் வந்து நிற்கும்போது, 'இவர் எதற்கு வந்தார்?' என்று கேட்கவும் அவர்கள் அறிவர். அவர்கள் மொழியைக் கேட்டறிதல் மதிப்பு. அதனைப் போலப் பேசுதல் வேடம்.