பரமேஸ்வரனின் பதக்கமும் பேரில்லாத சிப்பாய்களும்

மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குக் கொடுத்த பரம் வீர் சக்கரா விருதின் குறிப்பை ஒரு பிரதியாக வைத்து வாசிக்கலாம். ஈழத்துக்குப் போன இந்திய அமைதிப்படைக்குக் கிடைத்த ஒரே பரம் வீர் சக்கரா அது. 1987 நவம்பர் 25. தேடுதல் முடிந்து இரவில் திரும்பும்போது புலிகள் பதுங்கித் தாக்குகிறார்கள். பரமேஸ்வரன் பின்பக்கமாகச் சுற்றி வளைக்கிறார். கைகலப்பு. நெஞ்சில் குண்டு. சுட்டவனின் துப்பாக்கியையே பிடுங்கி அவனைச் சுடுகிறார். உயிர் போகும்வரை உத்தரவு கொடுக்கிறார். வயது 41. பம்பாயில் பிறந்த தமிழர், தமிழர் மண்ணில் தமிழர் குண்டுக்குச் செத்தார்.

யாருக்கு உத்தரவு கொடுத்தார்? அதிகாரியின் பேருக்குப் பக்கத்தில் '8 மகர்' என்பதோடு சரி. மகர்களைத் தீண்டத்தகாதவர் என்று 1890களில் பட்டாளத்தைவிட்டு ஒதுக்கினான் வெள்ளைக்காரன். முதல் உலகப்போருக்குச் சேர்த்தான், போர் முடிந்ததும் கலைத்தான். அம்பேத்கர் விடாமல் கேட்டு 1941இல் வந்தது மகர் ரெஜிமெண்ட். பிற்பாடு மற்றச் சாதியாரும் சேர்ந்தார்கள். பேர் அப்படியே நிற்கிறது.

விருது ஒருத்தருக்குத்தானே, எல்லார் பேரையுமா எழுதுவாங்க என்று கேட்கலாம். 1818 கோரேகான் சண்டைக்குக் கம்பெனிக்காரன் நட்ட தூணில் சிப்பாய்களின் பேர் இருக்கிறதே! 'நாக்' என்று முடிகிற மகர் பேர்கள் மட்டும் 22. 1927 ஜனவரி 1இல் அம்பேத்கர் போய் நின்றது அந்தத் தூணின் முன்னால்தான். 2023இல் அந்தமானில் ஒரு தீவுக்கும் பரமேஸ்வரன் பேர் வைத்தாயிற்று. அவரோடு அந்த இரவில் நின்றவர்கள் யார்?

அதற்காக அந்தப் படையின் வீரத்தைப் பாட எனக்கு வாய் வராது. 1987 அக்டோபர் 21இல் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் புகுந்து நோயாளிகளையும் டாக்டர்களையும் சுட்டுக் கொன்ற படை அது. 1990 மார்ச்சில் திரும்பி வந்தபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகாததில் நியாயம் உண்டு. ஆனால் தமிழ்த் தேசியப் பிரதியிலும் சிப்பாய் வெறும் சீருடைதான். அதற்குள் இருந்த சேரிக்காரனை தில்லியும் பார்க்கவில்லை, சென்னையும் பார்க்கவில்லை.

எங்க வேப்பூர்ப் பக்கச் சேரிகளிலும் பட்டாளத்துக்குப் போனவர்கள் உண்டு. பெரியப்பா முறையான ஒருத்தரிடம், இலங்கைக்கு எதுக்குப் போனீங்க என்று கேட்டேன்.

"எங்களக் கேட்டுக்கிட்டா அனுப்புனான்? ஏறுன்னான், ஏறுனோம். அங்க எல்லாரும் ஒரே தட்டுல தின்னோம். லீவுல வந்து பஸ்ஸ உட்டு எறங்குனா, ஊர்த்தெரு தாண்டுறவரைக்கும் பூட்சக் கழட்டிக் கையில வச்சிக்கிட்டு வரணும்."