மார்கழிக் கொழுந்து

குன்னூரில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல தேநீரைப் பால் கேட்டுக் கெடுத்தவன் நான். தொழிற்சாலையின் சுவைபார்க்கும் அறையில் வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் கிண்ணம் ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். இளம் பொன்னிறம். கிண்ணத்தின் அடியில் இருந்த மயிரிழை விரிசல்கூடத் தெரிந்தது. "கொஞ்சம் பால் கிடைக்குமா?" என்றேன். மறுக்காமல் ஒரு கரண்டி ஊற்றினார். பொன்னிறம் போய், அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஒன்று மிஞ்சியது. "இது பாலுக்கு ஆகாதுங்க சார். அதுக்கு வேற தூள் இருக்கு" என்று சொல்லிவிட்டு வேறொரு கிண்ணத்தை எடுத்து வைத்தார். முகத்தில் கேலி இல்லை. இப்படி நிறையப் பேரைப் பார்த்திருப்பார் போல.

அவர் சொன்ன அந்த வேறு தூளைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. 1930களில் அசாமில் பிறந்த முறை அது. பல் வைத்த இரும்பு உருளைகள் எதிரெதிராகச் சுழன்று இலையை நசுக்கி, கிழித்து, உருட்டிக் குருணையாக்கும். சி.டி.சி. என்ற பெயரே அந்த மூன்று வேலைகளின் ஆங்கில முதலெழுத்துகள்தான். குருணை வெந்நீரைப் பார்த்ததும் சாயத்தையும் துவர்ப்பையும் ஒரேயடியாகக் கக்கும். பாலும் சர்க்கரையும் சேர்ந்தாலும் அமுங்காது. துணிப்பையில் டிக்காஷன் இறக்கி, ஒரு முழ உயரத்திலிருந்து ஆற்றி, நுரை தளும்பக் கண்ணாடி டம்ளரை நீட்டும் நம் டீ மாஸ்டரின் கலை முழுக்க இந்தக் குருணையை நம்பித்தான் நிற்கிறது. காலை ஐந்தரைக்கு எனக்கும் அதுதான் வேண்டும்.

ஆனால் அது வலுவின் ருசி. நீலகிரி இலையின் தனிச்சொத்து வலு அல்ல, வாசனை. அந்த வாசனையும் வருஷம் முழுக்க வராது. இரண்டு பருவமழையும் தொடும் மலை என்பதால் அங்கே பன்னிரண்டு மாதமும் கொழுந்து பறிக்கலாம். மழைக்காலத்தில் செடி தளதளவென்று தளிர்க்கும், கூடை நிறையும், கோப்பையில் மட்டும் சாரம் இருக்காது. டிசம்பர் பிறந்து இரவுக் குளிர் இறங்கி, பகலில் காற்று உலர்ந்துவிட்டால் செடி வளர்வதையே மறந்துவிடும். ஒரு தளிர் விரிய எடுக்கும் நாட்கள் கூடும். அந்தத் தாமதத்தில்தான் இலைக்குள் வாசனை சேர்கிறது. டார்ஜிலிங்கில் குளிர்கால உறக்கம் கலைந்து வரும் முதல் துளிருக்கும், இலங்கை ஊவாவில் வறண்ட காற்று வீசும் மாதங்களின் தேயிலைக்கும் பெயர் வந்தது ஏறக்குறைய இதே கணக்கில்தான். செடி கொஞ்சம் கஷ்டப்பட வேண்டும்.

இந்தக் குளிர்காலத் தேயிலையை 'ஃப்ராஸ்ட் டீ' என்று விற்கிறார்கள். பெயரைக் கேட்டு, உறைபனி மூடிய இலையைப் பறித்துச் செய்வது என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். உறைபனி உண்மையிலேயே விழுந்தால் கொழுந்து தீய்ந்தாற்போல் கருகிவிடும், எதற்கும் ஆகாது. பனிக்கும் இலைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. அதில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப வகைசெய்த சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த குடும்பம். அவர்களைப் போன்றவர்களுக்காகவே 1968-இல் வனத்துறை தொடங்கிய தோட்டங்கள்தான் பிறகு டான்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆயின. "நகம் படக் கூடாது தம்பி. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வச்சு ஒடிக்கணும். நகம் பட்டா அந்த எடம் செவந்துரும்" என்றார். பேசும்போதே கை இரண்டு இலை ஒரு மொட்டாக ஒடித்துக்கொண்டிருந்தது. கண் என் மேல்தான் இருந்தது. கிளம்பும்போது "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். டீ என்றோ சாயா என்றோ அவர் வாயில் வரவில்லை. கடல் கடந்துபோய்த் திரும்பி வந்த சொல் அது.

பறித்த இலை தொழிற்சாலை மாடியில் நீளமான தொட்டிகளில், வலைமேல் பரப்பப்படுகிறது. கீழிருந்து விசிறிக் காற்று. ஒரு ராத்திரி முழுக்க வாட்டல். ஒரு நல்ல தேயிலை உருவாவதும் உருப்படாமல் போவதும் இங்கேதான் என்பது என் கட்சி. உருட்டும் இயந்திரத்தைக் காட்டத்தான் எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். நான் மாடியிலேயே நின்றுவிட்டேன். மாலையில் முகர்ந்தால் வெட்டிய புல். நடுராத்திரிக்கு மேல் புல்வாடை விலகி, பச்சை ஆப்பிள் மாதிரி ஒன்று எட்டிப் பார்க்கிறது. விடியலில் கைநிறைய அள்ளி இறுகப் பிடித்து விட்டால், இலை உடையாமல் உருண்டையாக நின்று, பட்டுத்துணி போல் மெல்லப் பிரிகிறது. அந்தப் பிடியையும் மூக்கையும் வைத்துத்தான் டீ மேக்கர் "போதும்" என்கிறார். ஈரமானி இருக்கிறது, அதை அப்புறம்தான் பார்க்கிறார். குளிர்கால இலையை வழக்கத்தைவிடக் கூடுதலாக வாட்டுகிறார்கள். அதனால் முடிந்த தேயிலையில்கூடக் கறுப்போடு பச்சைச் சாயல் கலந்திருக்கும். பழைய தூள் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள்.

பிறகு உருட்டல். குருணையாக்காமல் இப்படி இலையாகவே உருட்டும் முறைக்குத்தான் ஆர்த்தடாக்ஸ் என்று பெயர். சாறு கசிந்து காற்றுப் பட்டுச் செம்பு நிறம் ஏறுவது, சூட்டில் உலர்த்தி அந்த நிறமேற்றத்தை நிறுத்துவது, சலித்துத் தரம் பிரிப்பது. இதற்கெல்லாம் பாடப்புத்தகங்கள் உண்டு.

கோப்பைக்கு வருவோம். முதல் வாய் ஏமாற்றும். 'என்ன, தண்ணியா இருக்கே' என்று தோன்றும். இரண்டாவதைக் காற்றோடு சேர்த்து உறிஞ்சுங்கள், சத்தம் வரட்டும். சுவை பார்ப்பதே தொழிலாக உள்ளவர்கள் கூச்சமில்லாமல் அப்படித்தான் உறிஞ்சுகிறார்கள். நாக்கின் ஓரங்களில் சுண்டி இழுக்கும் ஓர் உணர்வு; அது அடங்கும்போது மூக்கின் பின்பக்கத்தில் பூவாசனை. விழுங்கியபின் தொண்டையில் மெல்லிய இனிப்பு. மிச்சத்தை ஆறவிட்டுப் பாருங்கள். கடை டிக்காஷன் ஆறினால் சேறு போல் கலங்கும். நல்ல நீலகிரித் தேயிலை ஆறியும் தெளிவாகவே நிற்கும். ஐஸ் டீ போடுகிறவர்கள் இதைத் தேடுவது அதற்காகத்தான்.

2006-இல் லாஸ் வேகாஸில் நடந்த ஏலத்தில் நீலகிரித் தேயிலை ஒன்று கிலோ 600 டாலருக்குப் போனது. மலையின் பெரும்பகுதி இலையோ இன்றும் குருணையாகத்தான் கீழே இறங்குகிறது. அடிவாரத்தில் இருக்கும் நமக்கு அந்த மலையின் சாயம் தெரியும், வாசனை தெரியாது.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. குன்னூரில் மணத்த அதே இலை சென்னையில் என் வீட்டு போர் தண்ணீரில் ஊமையாகிவிட்டது; மேலே எண்ணெய்ப் படலம் போல ஆடை வேறு. உப்புத் தண்ணீரின் வேலை அது. கேன் தண்ணீருக்கு மாறியதும் பாதி வாசனை திரும்பியது. மீதிக்கு மலைதான் ஏற வேண்டும்.

சுற்றுலாக் கடைகளில் கண்ணாடி ஜாடியில் வெயில் காயும் ஏலக்காய் டீ, சாக்லேட் டீ பக்கம் போகாதீர்கள். நான் போய் 2 கிலோ வாங்கி ஏமாந்திருக்கிறேன். தை, மாசியில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் போனால் தொழிற்சாலை வாசலிலேயே, "ஆர்த்தடாக்ஸ், இந்தக் குளிர்காலத்துப் பறிப்பு" என்று கேட்டு 100 கிராம் வாங்குங்கள். ஒரு கோப்பைக்கு 3 கிராம், கொதி அடங்கிய தண்ணீர், 3 நிமிஷம். பாலும் சர்க்கரையும் வேண்டாம். 30 கோப்பைக்கு மேல் வரும்.