நான்கும் ஒரே சுற்று

ஈப்போவில் ஒரு பழைய சுபாரு இம்ப்ரெசாவுக்கு ரிம் மாற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது எனக்குத் தனி இன்பம். ரிம் கழன்றதும் நடுவில் துருத்தி நிற்கும் ஹப் தெரியும், விட்டம் 56.1 மில்லிமீட்டர். புதிய ரிம்மின் துளை அதைவிடப் பெரிதானால், இடைவெளியை அடைக்க மெல்லிய வளையம் ஒன்று போடுவார்கள். அதை விட்டுவிட்டால் நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் நடுங்கலாம்.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் டயர் நான்கும் ஒரே அளவில், ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். சுற்றளவு வேறுபட்டால் நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைத்துச் சூடேறும். 205/55 ஆர்16 கழற்றி 215/45 ஆர்17 போட்டால் ரிம் ஓர் அங்குலம் வளரும்; டயரின் வெளிவிட்டம் ஏறக்குறைய அதேதான். எவ்வளவு அழகான கணக்கு!

சஸ்பென்ஷனில்தான் பலர் தவறுகிறார்கள். வண்டி தாழ்ந்து நின்றால் போதுமென்று ஸ்பிரிங்கை வெட்டுவது வண்டிக்குச் செய்யும் துரோகம். மெனோரா சுரங்கப்பாதைப் பக்கத்து வளைவுகளில் இறுக்கம் சுகம்தான். ஆனால் சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டத்துச் செம்மண் பாதையில் அம்மாவைப் பார்க்கப் போகிறவருக்கு, அப்சார்பர் ஏறி இறங்க இடம் வேண்டும். 2002இல் கரம்ஜித் சிங் உற்பத்திக் கார்களுக்கான உலக ராலிப் பட்டத்தை வென்ற புரோட்டான் பெர்ட்டும் நான்கு சக்கர இழுவைதான்; மண்ணும் சரளையும் அதற்கும் தெரியும்.

மாற்றியதும் அலைன்மென்ட் பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை இன்னொருமுறை இறுக்கிப் பாருங்கள்.