மறக்கப்பட்டது தானியம் அன்று

தமிழர் தம் ஆதி உணவை மறந்துவிட்டனர் என்றும், சாமையும் தினையும் வரகும் நம் வழக்கத்திலிருந்து மறைந்தே போயின என்றும், அவற்றை மீட்பதே பண்பாட்டு மீட்சியின் முதற்படி என்றும் ஒரு கொள்கை சில ஆண்டுகளாக மேடைகளிலும் பத்திரிகைகளிலும் உரத்து ஒலிக்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின், சங்கச் செய்யுள்களைச் சான்று காட்டி இக்கொள்கையைப் பேசாத கல்லூரிக் கருத்தரங்கு அரிது. அதன் நோக்கம் நல்லது. அதன் சரித்திரம் பிழையானது. ஜவ்வாது மலையின் நெல்லிவாசல்நாட்டில் பிறந்து, மலையிறங்கி வந்து திருப்பத்தூரில் தமிழ் பயிலும் மாணவன் நான். எங்கள் கொல்லைகளில் ஆடி மழைக்குச் சாமை விதைப்பது குறைந்ததுண்டு, நின்றதில்லை. அப்படியானால் ‘நாம் மறந்துவிட்டோம்’ என்ற கூற்றிலுள்ள ‘நாம்’ யார்? தானியம் மறக்கப்படவில்லை, அதை விளைத்து உண்பவனை இலக்கியமே மறந்தது என்பது என் துணிபு. அந்த மறதி எப்போது நேர்ந்தது, எங்கே விலகத் தொடங்கியது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சங்க காலத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உழவர் உழாமலே பறம்பு மலை தரும் நான்கு உணவுகளைக் கபிலர் எண்ணியதும், வரகும் தினையும் கொள்ளும் அவரையும் அன்றி வேறு உணவில்லை என்று மாங்குடி கிழார் துணிந்து கூறியதும், கூடலூர் கிழாரின் தலைவி முற்றிய தயிரைப் பிசைந்த விரல்களோடு அடுப்படியில் நின்றதும், அதியமான் தன் கள்ளை ஔவையோடு பகிர்ந்துகொண்டதும் யாவரும் அறிந்தவை. ஆனால் மலைபடுகடாத்தை மட்டும் நான் எளிதில் கடந்து செல்ல இயலாது. அதன் தலைவன் நன்னனுடைய ஊர் ஜவ்வாது மலையின் அடிவாரத்துச் செங்கம். அதில் வரும் சேயாறு எங்கள் மலையில் பிறப்பது. உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேற்றியபோது, எங்கள் நிலத்தின் மிகப் பழைய சமையற்குறிப்பும் அச்சேறியது என்று சொல்வேன். மூங்கிற்குழாயில் முதிர்ந்த தேறல், முள்ளம்பன்றி இறைச்சி, பலாக்கொட்டை மாவும் புளியும் மோரும் சேர்ந்த உலையில் வெந்த மூங்கிலரிசிச் சோறு, அவரை விதையிட்ட புளிங்கூழ் என்று பெருங்கௌசிகனார் ஒவ்வொன்றாகக் கூறுகிறார். பண்டங்களின் பெயர்களைவிட அவை பரிமாறப்படும் விதமே மேலானது. மலைவாணரின் வீட்டு வாயிலில் அனுமதிக்காகக் காத்து நிற்க வேண்டா, சொந்த இல்லத்துக்குள் நுழைவது போல் நுழையுங்கள், உரிமையாளர் போலவே பழகுங்கள் என்று வழிப்போகும் கூத்தருக்கு அவர் சொல்கிறார். இங்கே மலைவாசி ஆராய்ச்சிக்குரிய பொருளாகவோ இரக்கத்துக்குரிய ஏழையாகவோ நிற்கவில்லை; விருந்தளிப்பவனாக, நாகரிகத்தில் வந்தவனுக்குச் சமமானவனாக நிற்கிறான்.

இந்தச் சமத்துவம் பிற்காலத்தில் நிலைக்கவில்லை. கள்ளுண்ணாமையும் புலால் மறுத்தலும் குறளில் தனி அதிகாரங்களாயின. உணவு ஒழுக்கத்தின் அளவுகோலாயிற்று. ஆய்ச்சியர் குடியில் கண்ணகி தன் பழகாத கைகளால் கோவலனுக்குச் சமைத்த கடைசி உணவைப் போல் நெஞ்சைப் பிளக்கும் விருந்து நம் மொழியில் வேறில்லை. எனினும் அது ஒரு குடும்பத்தின் துயரமேயன்றி ஒரு நிலத்தின் வாழ்வன்று. பிறகு ஆற்றங்கரைக் கோயில்களும் நெல்வயல்களும் கவிதையின் மையமாயின. பள்ளு நூல்கள் நெல்லின் வகைகளை ஆசையோடு அடுக்கின. குறவஞ்சியில் மலைமகள் மீண்டும் வந்தாள். தன் மலையின் வளத்தை இனிய சந்தத்தில் பாடினாள். ஆயினும் வேறொருத்தியின் காதலுக்குக் குறி சொல்லிப் பரிசு பெறுவதே அவளுக்கு விதிக்கப்பட்ட பணியாயிற்று. மலையின் செல்வம் வர்ணனையாகியது. மலையின் பசி இலக்கியத்துக்கு வெளியே தங்கிவிட்டது.

உரைநடைக் காலத்தைப் பற்றி நான் விரிவாகவே பேச வேண்டும். என் மனக்குறை அங்கேதான் இருக்கிறது. காப்பி இந்நாட்டில் பரவியபோது அதை வரவேற்றவர்களைவிட வைதவர்களே மிகுதி. உடலைக் கெடுப்பது, பழைய சோற்றையும் நீராகாரத்தையும் விரட்டியது, பெண்களைச் சோம்பேறிகளாக்கியது என்று அதன்மீது சுமத்தப்பட்ட குற்றங்கள் பல. ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற தம் நூலில் (2000) அந்தச் சரித்திரத்தைத் தெளிவாக எழுதியிருக்கிறார். அத்தகைய பானம் அரை நூற்றாண்டுக்குள் தமிழ்க் குடும்பத்தின் அடையாளமாக மாறியது எப்படி? அதைக் குடித்தவர்களே எழுதினார்கள் என்பதுதான் விடை. புதுமைப்பித்தன் கடவுளையே கந்தசாமிப் பிள்ளையோடு ஓட்டலில் காப்பி அருந்த வைத்தார், தி. ஜானகிராமன் அதன் மணத்தைத் தஞ்சை மண்ணின் சங்கீதத்தோடு பிரிக்க முடியாதபடி இணைத்தார். இவர்கள் மகாகலைஞர்கள், இவர்களுடைய கலையை நான் வணங்குகிறேன். ஆனால் அதே தலைமுறைகளில் கள்ளுக்குக் கிடைத்த இடம் யாது? 1937இல் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கியது முதல் கள் ஒரு சமூகப் பிரச்சினையாகவே எழுத்தில் நின்றது. சங்கப் பாட்டில் அரசனும் புலவரும் பகிர்ந்த பானம் பிரசாரக் கதையின் வில்லனாகத் தாழ்ந்தது. கூழோ வறுமையின் அடையாளம் என்ற ஒரே பொருளில் சுருங்கியது. ஒரு பானத்தின் பெருமை அதன் சுவையில் மட்டும் இல்லை. அதை நேசித்து எழுதும் கையில் இருக்கிறது. கேழ்வரகுக் கூழுக்கு ஒரு ஜானகிராமன் வாய்க்கவில்லை.

இந்நிலையை முதலில் குலைத்தவர் கி. ராஜநாராயணன். கம்பும் கேப்பையும் உண்ட கரிசல் வீடுகளில், நெல்லுச்சோறு விசேஷ நாளுக்குரிய அரும்பொருளாயிருந்த உலகத்தை, அவ்வுலகத்தின் பேச்சிலேயே அவர் சொன்னார். வெட்கமும் இல்லை, வீம்பும் இல்லை. பாமாவின் ‘கருக்கு’ (1992), மிஞ்சிய சோற்றை வாங்கி வரும் பாட்டியின் நிலையைச் சொன்னபோது, உணவைப் பற்றிய எழுத்து சாதியைப் பற்றிய எழுத்தாகாமல் இருக்க முடியாது என்பது தீர்மானமாயிற்று. தொ. பரமசிவன் உப்பையும் எண்ணெயையும் கொண்டே சமூக சரித்திரத்தை எழுதலாம் என்று ‘அறியப்படாத தமிழக’த்தில் காட்டினார். பெருமாள்முருகன் கொங்குநாட்டு ஆட்டுக்காரச் சிறுவர்களின் பசியைக் ‘கூளமாதாரி’யில் எழுதினார். ஜெயமோகனின் ‘சோற்றுக் கணக்கு’ கதையில் கணக்குப் பாராமல் பரிமாறும் கெத்தேல் சாகிபின் கையில், மலைபடுகடாத்து விருந்தோம்பலின் அதே கம்பீரத்தை நான் கண்டேன்; விடுதியில் பசித்திருந்து படித்த எந்த மாணவனும் அக்கதையைக் கண்ணீரின்றி முடித்திருக்க மாட்டான்.

இவ்வளவிலும் மலை எங்கே? ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ (1963) நீலகிரிப் படகரின் வாழ்வு பரம்பரைப் பயிர்களிலிருந்து தேயிலைக்கு மாறியதை ஆழ்ந்த பரிவோடு சித்திரித்தது. ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ (2004) சோளகரின் காட்டு வாழ்வைக் காட்டிவிட்டு, அதைச் சிதைத்த அதிகாரத்தின் கொடுமைக்குச் சாட்சியம் சொன்னது. இரண்டும் உண்மையான நூல்கள். இரண்டும் மலைக்கு வெளியேயிருந்து வந்து, தங்கி, கேட்டு எழுதியவர்களின் நூல்கள். எங்கள் மலைக்கு அந்த அளவு பேறும் கிட்டவில்லை. சாராயம், சந்தனம், செம்மரம் என்ற குற்றச் செய்திகளிலேயே ஜவ்வாது மலை பத்திரிகைகளில் இடம் பெற்றது. 2015 ஏப்ரலில் சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறையினர் இருபது பேரைச் சுட்டுக் கொன்றபோது, எங்கள் மலையையும் சித்தேரி மலையையும் சேர்ந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். அவர்கள் கூலிக்கு ஏன் போனார்கள், அவர்கள் வீட்டில் என்ன உலை கொதித்தது என்பதை எழுத ஒரு கதாசிரியன் அங்கே இல்லை.

இன்றைய சிறுதானிய எழுத்து இந்த வெற்றிடத்தை நிரப்பும் என்று நம்பினேன். கு. சிவராமனின் ‘ஆறாம் திணை’ போன்ற தொடர்கள் நகரத்து வாசகரை இத்தானியங்களின் பக்கம் திருப்பிய நற்பணியை நான் மறுக்கவில்லை. ஆனால் அவ்வழியில் பின்னர் பெருகிய எழுத்தில் சாமை ஒரு மருந்தாயிற்று; சர்க்கரை நோய்க்கு நல்லது என்ற வாக்கியத்தோடு அதன் கதை முடிந்தது. சாமை அரிசியாகும் பாட்டை அவ்வெழுத்தில் நான் எங்கும் காணவில்லை. கதிரை அறுத்துக் களத்தில் காயவைத்து, மாடு கட்டி மிதித்து, திரிகையில் உமி உடைத்து, முறத்தில் புடைத்து, மறுபடி உரலிலிட்டுத் தவிடு போகக் குத்தி, பொடிக்கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கிய பின்னரே ஒரு வேளை உலைக்கு அரிசி தேறும். இத்தனையும் பெண்களின் வேலை. “அரிசின்னா கழுவி ஒலையில போட்டா ஆச்சு, சாமைன்னா பொம்பள கையி தேயணும் கண்ணு” என்று என் ஆயா சொல்வாள். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி ஒரு ஆட்சியையே மாற்றியதன் பொருளும், 2011 முதல் நியாயவிலைக் கடையில் விலையில்லாமல் கிடைக்கும் அரிசியை எங்கள் பெண்கள் நன்றியோடு சுமந்து வருவதன் பொருளும் அந்த ஒரு வாக்கியத்தில் விளங்கும். இன்று சாமையை வியாபாரிக்கு விற்றுவிட்டு ரேஷன் அரிசி உண்ணும் வீடுகள் எங்கள் ஊர்களில் பல. இதை வீழ்ச்சி என்று பழிப்பவர், எந்தக் கையின் உழைப்பில் தம் பழமை காக்கப்பட வேண்டும் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர்.

ஆகவே நான் வேண்டும் திசை ஒன்றே. எங்கள் உணவைப் பற்றிய இலக்கியம் எங்கள் அடுப்படியிலிருந்து எழ வேண்டும். அதில் சாமைச்சோறும் கொள்ளு ரசமும் இருக்கும். ரேஷன் அரிசியும் வெல்லக் காப்பியும் பேருந்து நிறுத்தத்துப் பரோட்டாவும் இருக்கும். ஒன்று தூய்மை, மற்றது கலப்படம் என்ற தரப்பிரிவு இராது. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தோம் என்று வழிவழியாகச் சொல்லும் எங்கள் முன்னோர் கொண்டுவந்ததும், மலை கற்பித்ததும், கல்லூரி விடுதி பழக்கியதும் ஆகிய மூன்றும் சேர்ந்தே என் நாவு உருவாயிற்று. அதில் எதைத் தள்ளினாலும் நான் குறைந்தவனாவேன். மலையிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறை மாணவர் இன்று நூற்றுக்கணக்கில் இருக்கிறோம். சங்கப் பாட்டைப் பரீட்சைக்கு மனனம் செய்யும் நாங்கள், அப்பாட்டின் மாந்தர்க்கு வாரிசுகள் என்ற உரிமையோடு பேனாவை எடுக்க வேண்டும். தமிழ்த்துறைகளும் சிற்றிதழ்களும் அவ்வெழுத்தை நாட்டார் வழக்காற்றுத் தகவலாகச் சேகரித்து அடுக்காமல், இலக்கியமாக ஏற்று, இலக்கியத்துக்குரிய கடுமையோடு விமர்சிக்க வேண்டும். பெருங்கௌசிகனார் எங்கள் வீட்டு விருந்தை விருந்தினன் பக்கத்திலிருந்து பாடினார். விருந்தளித்தவள் பக்கத்திலிருந்து எழுத வேண்டிய நூல் இன்னும் எழுதப்படவில்லை, அதை எழுதும் கடமை எங்கள் தலைமுறையினுடையது.