ருசி, போதை, விமர்சனம்

எனக்குப் பிடித்த பீர்களைப் பற்றி எழுதப்போகிறேன். இந்தப் பக்கங்களில் இதற்கு இடம் உண்டா என்ற கேள்வி நண்பர்களுக்கு எழலாம். எழத்தான் வேண்டும். பதிலை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன்: நம் வட்டத்தில் குடியைப் பற்றிப் பேசாத சந்திப்பு கிடையாது, குடித்ததன் ருசியைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதும் கிடையாது. இது குடியோடு நின்றுவிடுகிற விஷயமாக எனக்குப் படவில்லை.

நான் குடியிருப்பது பூவத்தில். காரைக்கால் பகுதியின் வடக்கு ஓரம். நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு, இன்னும் கொஞ்சம் போனால் தரங்கம்பாடி. 1954 நவம்பர் 1 வரை இது பிரெஞ்சு ஆட்சியின் எல்லை. இன்று இதை எல்லை என்று உணரவைப்பது வரி விகிதம்தான். காரைக்காலில் வங்கி வேலையை முடித்துக்கொண்டு சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, அக்கரையிலிருந்து வந்தவர்கள் மதுக்கடை வாசலில் நின்றுகொண்டிருப்பார்கள். பீர் கேட்கிறவர்களிடம் கடைக்காரர் கேட்பது இரண்டே கேள்விகள். "ஸ்ட்ராங்கா, லைட்டா?" "கூலிங் வேணுமா?"

இந்த இரண்டு கேள்விகளில் நம் ரசனையின் எல்லை தெரிந்துவிடுகிறது என்று வெகுநாளாக நினைத்துவந்திருக்கிறேன். ஸ்ட்ராங் என்பது ஆல்கஹாலின் அளவு. கூலிங் என்பது ஐஸ் பெட்டியின் உபயம். இரண்டுமே ருசியைப் பற்றியவை அல்ல. சொல்லப்போனால் இரண்டாவது, ருசியை மறைப்பதற்கான உபாயம். பல் கூசுகிற அளவு குளிர்ந்த திரவத்தில் நாக்கு எதையும் பிரித்தறிவதில்லை. இந்தியாவில் விற்கிற பீரில் பெரும்பகுதி ஸ்ட்ராங் வகை. மால்ட்டோடு அரிசியோ சர்க்கரையோ சேர்த்து ஆல்கஹாலை 8 சதவிகிதம் வரை ஏற்றி, கசப்பைத் தரும் ஹாப்ஸ் பூவைக் கணக்குப் பார்த்துப் போட்டுத் தயாராகிற சரக்கு. அதைக் குளிரவைக்காமல் ஒரு வாய் குடித்துப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். வியாபாரப் பத்திரிகைத் தொடர்கதையைப் படம் இல்லாமல் படிப்பது மாதிரி.

என் தேர்வுகளைச் சொல்கிறேன். மூன்றுதான்.

முதலாவது பில்ஸ்னர். பொஹீமியாவின் பில்ஸன் நகரத்தில் 1842ல் யோசெஃப் க்ரோல் என்ற பவேரியர் முதன்முதலாகத் தயாரித்தது. வெளிறிய மால்ட், ஸாட்ஸ் பிரதேசத்து ஹாப்ஸ், உப்புக்கள் மிகக் குறைந்த மென்மையான தண்ணீர், குளிரில் மெதுவாக வேலை செய்கிற ஈஸ்ட். நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலில் இதைப் பரிச்சயம் செய்துகொண்டேன். நம் கடைகளில் கிடைக்கிற மஞ்சள் பீர் அத்தனையும் இதன் வாரிசுகள்தாம். தகப்பனிடம் இருந்த கசப்பு மட்டும் பிள்ளைகளிடம் இல்லை. நல்ல பில்ஸ்னரில் கசப்பு கடைசியில் வருகிறது. வந்து, அடுத்த வாய்க்கு நாக்கைச் சுத்தம் செய்துவிட்டுப் போகிறது. சுண்டைக்காய் வற்றலைச் சாப்பிட்டு வளர்ந்த நாம் பீரில் மட்டும் கசப்பைக் கண்டு ஏன் முகம் சுளிக்கிறோம் என்பது எனக்குப் புரியவில்லை.

இரண்டாவது கோதுமை பீர். பெங்களூருக்கு வங்கிப் பயிற்சிக்குப் போனபோது, அங்கேயே தயாரித்து அங்கேயே ஊற்றுகிற விடுதி ஒன்றில் குடித்தேன். கலங்கலாக இருந்தது. வாழைப்பழ வாசனை, அதன் அடியில் கிராம்பு. இரண்டையும் யாரும் அதில் போடவில்லை. அந்த வகை ஈஸ்ட் நொதிக்கும்போது உண்டாக்குகிற வாசனைகள் அவை. வெளியிலிருந்து சேர்த்ததற்கும் உள்ளிருந்து விளைந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவிதையில் உவமைகளை வைத்து விளக்க எத்தனையோ தடவை முயன்று தோற்றிருக்கிறேன். இங்கே அது ஒரு வாயில் புரிந்தது.

மூன்றாவது இலங்கையின் லயன் ஸ்டௌட். கருப்பு. வறுத்த மால்ட்டினால் வருகிற காப்பிக்கொட்டை மணம், கருப்பட்டியை நினைவூட்டுகிற அடிச்சுவை. இதிலும் ஆல்கஹால் 8 சதவிகிதத்துக்கு மேல்தான். ஆகவே நான் ஸ்ட்ராங்குக்கு எதிரி என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். இதில் வீரியம் ருசியால் தாங்கப்படுகிறது. எல்லைக்கடைச் சரக்கில் வீரியத்தைத் தாங்க எதுவும் இல்லை. இரண்டுக்கும் பாட்டிலில் போட்டிருக்கிற எண் ஏறக்குறைய ஒன்றே.

மேலே நான் செய்திருப்பதில் இரண்டு காரியங்கள் கலந்திருக்கின்றன. பட்டியல் போட்டிருக்கிறேன், ஏன் என்று அலசவும் முயன்றிருக்கிறேன். க.நா.சு. பட்டியல் போட்டார். ரசனையுள்ளவனுக்குப் பெயரைச் சொன்னால் போதும், மற்றதை அவன் படித்துத் தெரிந்துகொள்வான் என்பது அதன் பின்னால் இருந்த நம்பிக்கை. 1959ல் தொடங்கிய 'எழுத்து'வில் செல்லப்பா வரிவரியாக அலசினார். எது விமர்சனம் என்று அப்போது ஆரம்பித்த சண்டை இன்னும் முடிந்தபாடில்லை. பீர் விஷயத்தில் இந்த இரண்டையும் ஒருவரே செய்தார். மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேயர், பாடகர் அல்ல, பத்திரிகைக்காரர். 1977ல் வெளிவந்த 'தி வேர்ல்ட் கைட் டு பீர்' என்ற புத்தகத்தில் உலகத்து பீர்களை வகை வகையாகப் பிரித்தார். லயன் ஸ்டௌட்டை உலகறியச் செய்ததில் அவருக்குப் பங்கு உண்டு. பீர் என்றால் பீர்தான் என்று இருந்த இடத்தில் அவர் சொற்களைக் கொண்டுவந்தார். சொற்கள் வந்தபிறகு, அழிந்துகொண்டிருந்த சில வகைகளைக் கேட்டு வாங்க ஆள் வந்தது. விமர்சனத்தால் என்ன பிரயோஜனம் என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு இனி இந்த உதாரணத்தைச் சொல்வதாக இருக்கிறேன்.

எதிர் உதாரணம் தரங்கம்பாடிப் பக்கம் இருக்கிறது. 1620லிருந்து அங்கே இருந்த டேனிஷ்காரர்கள் 1845ல் ஊரை ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றார்கள். அதே 1845ல் ஜேக்கப்ஸன் என்ற கோபன்ஹேகன்காரர் ம்யூனிக்கிலிருந்து ஈஸ்ட் கொண்டுவந்தார். 1847ல் தம் மகன் கார்லின் பெயரில் கார்ல்ஸ்பர்க் ஆலையை நிறுவினார். அந்த ஆலையின் ஆராய்ச்சிக் கூடத்தில் 1883ல் எமில் ஹான்ஸன் ஒரே செல்லிலிருந்து சுத்தமான ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தார். கெட்டுப்போகாத, ஒவ்வொரு தடவையும் ஒரேமாதிரி வருகிற பீர் சாத்தியமாயிற்று. கண்டுபிடிப்பை ரகசியமாக வைத்துக்கொள்ளாமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தார்கள். பெருந்தன்மையான காரியம். ஆனால் உலகம் முழுக்க ஒரே மஞ்சள் பீர் பரவுவதற்கு வழி திறந்ததும் அதுதான். இன்று பூவத்துக் கடையில் கார்ல்ஸ்பர்க் கிடைக்கிறது. குற்றம் சொல்ல எதுவும் இல்லாத பீர். சொல்ல எதுவுமே இல்லாத பீர் என்பதுதான் குறை. குற்றமற்ற உரைநடை எழுதுகிறவர்கள் நம்மிலும் பலர் இருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது கள். பாளையைச் சீவிக் கட்டிய பானையில், காற்றிலும் பானையின் உட்புறத்திலும் உள்ள ஈஸ்ட் தானாகவே வேலையை ஆரம்பித்துவிடுகிறது. காலையில் இனிப்பு, மத்தியானத்துக்கு மேல் புளிப்பு, மறுநாள் காடி. இரண்டு மரத்துக் கள் ஒன்றாக இருப்பதில்லை. ப்ரஸ்ஸல்ஸை ஒட்டிய ஸென் ஆற்றுப் பள்ளத்தாக்கில் லாம்பிக் என்று ஒரு பீர் செய்கிறார்கள். அதற்கும் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. கொதித்த சாற்றை அகன்ற தொட்டியில் இரவு முழுக்கத் திறந்துவைக்கிறார்கள். காற்றில் இருப்பது வந்து விழுகிறது. அதன் புளிப்பைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. கள்ளின் புளிப்பைப் பற்றித் தமிழில் யார் எழுதியிருக்கிறார்கள்? தமிழ்நாட்டில் 1987லிருந்து கள் தடை செய்யப்பட்டிருக்கிறது. இங்கே, ஆற்றுக்கு இந்தப் பக்கம், உரிமத்தோடு விற்கிறார்கள். தடையை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் மேடைதோறும் பேசியிருக்கிறார்கள். கள் எப்படி இருக்கும் என்பது மட்டும் இரண்டு தரப்பிலும் வராத விஷயம்.

ஒருகாலத்தில் வந்திருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பில் பாணனுக்குக் கிடைக்கிற மதுவைத் தயாரிக்கும் முறை முழுசாக இருக்கிறது. அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, உரைகாரர் நெல்முளை என்று பொருள் கொள்ளும் ஒன்றைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் போக்கி, சாடியில் விளையவைத்து, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன். முளைவிட்ட தானியத்தைக் கொண்டு நொதிக்கவைப்பது என்றால் அது பீர்தான். அதே புலவர் பட்டினப்பாலையில், எங்களுக்கு வடக்கே உள்ள காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்கள் இரவில் மட்டை விட்டு மதுவுக்கு மாறுவதைச் சொல்கிறார். மட்டு வேறு, மது வேறு என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது, புலவருக்கும் தெரிந்திருந்தது, கேட்டவர்களுக்கும் தெரிந்திருந்தது.

நம் பழம்பெருமையில் இன்னொன்றைச் சேர்க்க இதைச் சொல்லவில்லை. சொற்களைப் பாருங்கள். தேறல், தேறித் தெளிந்தது. அரியல், அரித்தெடுத்தது. பிழி, பிழிந்தது. தோப்பி, நெல்லிலிருந்து வீட்டில் செய்தது. ஒவ்வொரு சொல்லிலும் செய்முறையோ மூலப்பொருளோ இருக்கிறது. குடித்தவனுக்கு என்ன ஆயிற்று என்பதைவிடக் குடிக்கப்பட்டது என்ன என்பதில் அந்த மொழிக்கு அக்கறை இருந்திருக்கிறது. இன்று நம்மிடம் மிஞ்சியிருப்பது 'சரக்கு'. மூட்டைக்கும் பொருந்துகிற சொல். மற்றதெல்லாம் குடித்தபிறகு நேர்வதைப் பற்றிய சொற்கள்: ஏறியது, தூக்கியது, மட்டையானது.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

அக்கரையிலிருந்து சனிக்கிழமைகளில் என் வீட்டுக்கு ஒரு கவிஞர் வருவார். பெயர் வேண்டாம். இரண்டு சிறிய தொகுப்புகள். முதல் தொகுப்பில், வீட்டில் புழங்குகிற சாமான்களைப் பற்றிய கவிதைகள். குடம், அரிவாள்மணை, அணைந்த அடுப்பு. ஒரு சொல் கூடுதலாக இருக்காது. இரண்டாவது தொகுப்பு கர்ஜனை. நடுவில் ஐந்து வருஷம், அத்தனை சனிக்கிழமைகள். அவருக்கு நான் ஒருமுறை கோதுமை பீர் வாங்கி வைத்திருந்தேன். ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "இதுல என்னய்யா இருக்கு, ஏறவே மாட்டேங்குது" என்றார். சிரித்துவிட்டு வழக்கமான கடைக்குப் போய் வழக்கமானதை வாங்கிவந்தேன். கடை என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். வாங்கிவந்தது எப்போதும் நான்தான்.

இரண்டாவது தொகுப்புக்கு மதிப்புரை எழுதியதும் நான். 'இந்தக் கவிதைகள் போதை ஏற்றுகின்றன' என்று எழுதினேன். பாராட்டாகத்தான் எழுதினேன். அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார்; மடிப்பில் கிழிந்தபிறகும் எடுத்து எடுத்துக் காட்டுவார். நாற்பத்தோராவது வயதில், கல்லீரல் கெட்டு, ஆஸ்பத்திரியில் இறந்தார். அவருடைய மனைவி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

அஞ்சலிக் கூட்டத்தில் ஆறு பேர் பேசினோம். ஐந்து பேர் அவர் குடித்த கதைகளைச் சொன்னார்கள். எந்த ஊரில், எந்தக் கடையில், யாரை என்ன திட்டினார் என்று. கூட்டம் சிரித்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டது. ஒருவர்கூட ஒரு கவிதையை வாசிக்கவில்லை. ஆறாவதாகப் பேசிய நானும் ஒரு கதைதான் சொன்னேன். கோதுமை பீர் கதை. நல்ல சிரிப்பு எழுந்தது.

குடிக்கிற கவிஞன் என்ற பிம்பத்தின் மேல் நமக்கு இருக்கிற மோகத்தை ஒழுக்கத்தின் பெயரால் கண்டிக்க எனக்கு யோக்யதை கிடையாது. விமர்சகனாக மட்டும் சொல்கிறேன். போதையை வைத்து எடை போடுகிறவனுக்குப் பீரும் ஒன்றுதான், சாராயமும் ஒன்றுதான். அவனுக்கு வேண்டியது எண். அவனே கவிதைக்கு வரும்போதும் எண்தான் தேடுகிறான். எவ்வளவு உலுக்கியது, எவ்வளவு தூக்கிப்போட்டது. அடுத்த தடவை அதைவிடக் கூடுதலாக வேண்டியிருக்கும். அந்தக் கூடுதலை யாராவது ஒருவர் தயாரித்துத் தர வேண்டியிருக்கும். எங்கள் வட்டத்தில் அவர் தயாரித்துத் தந்தார். நாங்கள் வாங்கிக்கொண்டோம்.

சென்ற மாதம் முதல் தொகுப்பை எடுத்து மறுபடியும் வாசித்தேன். நிதானமாக, நாளைக்கு இரண்டு கவிதைகளுக்கு மேல் போகாமல். குடத்தைப் பற்றிய கவிதையில் தண்ணீர் என்ற சொல்லே வரவில்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன். கவிதை முழுவதும் ஈரமாக இருக்கிறது. இது எப்படி நேர்ந்தது என்று அலசி ஒரு கட்டுரை எழுத முடியும். எழுதுவேன்.

இப்போதைக்கு இதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன். என் மதிப்புரையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். முதல் தொகுப்பு இரண்டாவதைவிட மேலானது. அவர் இருந்தபோதே இதை நான் எழுதியிருக்க வேண்டும்.