மறைந்தனவா, இடிக்கப்பட்டனவா?

மொன்றியல் வரலாற்று நிலையம் 2011இல் தொடங்கிய கண்காட்சிக்கு 'மறைந்துபோன குடியிருப்புகள்' என்று பெயர். தாமாகவே மறைந்தனவாம்! ஃபோபூர் அ ம்லாஸ் என்ற பிரெஞ்சுத் தொழிலாளர் பகுதியை 1963இல் தரைமட்டமாக்கியது மேயர் ஜோன் ட்றப்போவின் நகரசபை. ஏறத்தாழ 5000 பேர் வெளியேற்றப்பட்டனர்.

கண்காட்சியின் உயிர் அதன் புகைப்படங்கள். சுவீகரிப்புக் கோவைகளுக்காக நகரசபையே எடுத்தவை. கட்டடத்தின் முன் ஒருவர் இலக்கப் பலகையுடன் நிற்கிறார். (இலக்கத்தோடு படமெடுக்கப்படுவதன் பொருளை அகதிக்கு விளக்கவேண்டியதில்லை.) 'சேரி' என்று தீர்ப்பிடப்பட்ட இடத்தின் படங்களில் கடைகளின் பெயர்ப்பலகைகளும் வாசற்படியில் மனிதரும் தெரிகின்றனர். இடிப்பு அறிவித்தல் வந்த தெருவுக்கு வாடிக்கையாளர் வருவதில்லை. முதலாளி கடையைப் பூட்டுகிறார். பின்னர் அது 'வெற்றுக்கடை'. இடிப்பதற்குக் காரணமாகக் காட்டப்படும் வெறுமையையும் திட்டமே உற்பத்தி செய்கிறது.

அங்கே 1973இல் றேடியோ-கனடாவின் கோபுரம் திறக்கப்பட்டது. சுற்றிலும் வாகனத் தரிப்பிடம். 2017இல் அதை விற்றுவிட்டு நிறுவனம் அருகே புதிய கட்டடத்துக்குப் போயிற்று. வெறுமையான கோபுரத்தை எவரும் சேரி என்றதில்லை.

பார்க் எக்ஸ்டென்ஷனில் எமது பலசரக்குக் கடைகள் இருக்கின்றன. அருகே 2019இல் பல்கலைக்கழக வளாகம் திறந்ததிலிருந்து வாடகை பற்றியே பேச்சு. 1981இல் எரிந்த யாழ்ப்பாணக் கடைகளைப் பற்றி எழுதிய நாம், இவற்றைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறோம்?